கடலுக்கடியில் நான் சரிசெய்த பெல்ட்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள் பெரியவர்கள். கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தமான் கடலில் அன்றைக்கு நடந்தது நடந்திருக்காது. என் கல்யாண வாழ்க்கையின் இருபத்தெட்டாம் வருடமும் சற்று அமைதியாகக் கழிந்திருக்கும்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எதிரில் ஆள் வந்தால் ஊர் உலகம் முகத்தைப் பார்க்கும். நான் இடுப்பைப் பார்ப்பேன். (ஆண்கள் இடுப்பைத்தான். எழுதிப் பார்த்தால் இதுவும் தப்பாகத்தான் இருக்கிறது. விடுங்கள்.) ஆம்பூரில் தோல் பெல்ட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் முப்பது வருடமாக நான் ஃபைனல் செக்கிங். தையல் நேராகப் போகிறதா, ஓட்டைகளுக்கு நடுவே இடைவெளி சமமா, பக்கிள் ஆடுகிறதா, நுனி லூப்புக்குள் ஒழுங்காகப் படுத்திருக்கிறதா, எல்லாம் பார்த்து, சரியில்லாத இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அந்த ஸ்டிக்கர் சுருள் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். கோயிலுக்குப் போனாலும் இருக்கும்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் பாஷா பாய் சொல்வார்: “பெல்ட்டுன்றது மானம் மாதிரி சேகரு. இருந்தா எவனுக்கும் தெரியாது. இல்லன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்.” இந்த மாதிரி யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். படிப்பு ஒன்பதாவதோடு நின்றுவிட்டதால், மற்றவர்கள் பேசுவதுதான் எனக்குப் பாடப் புத்தகம்.

ஒருமுறை பேரணாம்பட்டு பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்றவரின் பெல்ட் நுனி லூப்பை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பாதி வழி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பிறகு கை தானாகப் போய்விட்டது. அவர் “பிக்பாக்கெட்! பிக்பாக்கெட்!” என்று கத்தினார். பஸ்ஸை ஓரங்கட்டி, என் சட்டைப் பையைச் சோதித்து, சிவப்பு ஸ்டிக்கரைத் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின் கண்டக்டர் என்னைக் கீழே இறக்கிவிடாமல் ஒரு வார்த்தை சொன்னார்: “கைய சும்மா வச்சிருந்தா காலு வூடு போய்ச் சேரும், சார்.”

அதையும் நோட்டில் எழுதினேன். எழுதினேனே தவிர, எடுத்துப் படித்துப் பார்க்கவில்லை.

இனி தேவகி. என் மனைவி. கணியம்பாடிப் பக்கம் பிறந்தவள். பதினெட்டு வருடம் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, முதுகு வலி வந்து, நின்றுவிட்டாள். வாயைத் திறந்து இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கிற ஜாதி இல்லை. அந்த முதுகு வலிக்காக வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே காத்திருக்கும் இடத்தில் சுவரோடு சுவராக ஒரு பெரிய மீன் தொட்டி. தேவகி அதன் முன்னால் போய் நின்றவள் நின்றவள்தான். எங்கள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த மூன்று நம்பரும் உள்ளே போய்விட்டு வெளியே வந்துவிட்டது, இவள் அசையவில்லை.

“இன்னாங்க, இதெல்லாம் கடல்ல நெஜமாவே இந்த மாதிரியே இருக்குமா? இல்ல இவங்க கலர் அடிச்சி வச்சிருக்காங்களா?”

ஆம்பூரில் வாழ்கிறவளுக்கு வரக்கூடிய நியாயமான சந்தேகம். எங்கள் ஊரில் எந்தத் தோலும் பிறந்த கலரோடு ஊரைத் தாண்டியதில்லை.

“தெரியல தேவகி. போய்ப் பாத்தாதான் தெரியும்” என்றேன். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவள் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் மத்தியான நேரங்களில் போனில் கடலடி வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவளப் பாறைகள், அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வரும் மீன்கள். எங்கள் பெண் நித்யா இதைக் கவனித்துத் தன் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளை பிரகாஷ் தங்கமான பையன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் போட்டிருந்தது ரெக்சின் பெல்ட். அதுவும் ஓரம் உரிந்த ரெக்சின். நான் அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சமையலறைக்குள் போய் தேவகியிடம் சொன்னேன். “பையன் மூஞ்சியப் பாத்தியா?” என்றாள். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். “போய்ப் பாரு” என்று அனுப்பினாள். பார்த்தேன். நல்ல முகம். கல்யாணத்துக்கு ஒரு நல்ல எருமைத் தோல் பெல்ட் போட்டு அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டேன்.

இந்தப் பிரகாஷ்தான் அந்தமானுக்கு எல்லோருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்தார். நித்யாவும் தேவகியும் கடலுக்குள் மூழ்கிப் பவளத்தைப் பார்ப்பது, ஆண்கள் கரையில் இருந்து கையசைப்பது என்பது திட்டம். நீச்சல் தெரியாதவர்களுக்கென்றே ஆளுக்கு ஒரு பயிற்சியாளர் பின்னாலேயே பிடித்துக்கொண்டு கூட்டிப் போவார்களாம். டிக்கெட் எல்லாம் போட்ட பிறகு நித்யாவுக்கு நாள் தள்ளிப் போனது. விமானத்தில் போகலாம், கடலுக்குள் போகக்கூடாது என்றார் டாக்டர். (முழுகாமல் இருக்கிறவள் முழுகக்கூடாது என்று சொல்ல டாக்டர் எதற்கு என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.)

“மாமா, நித்யாவுக்குப் பதிலா நீங்க போங்க. அத்தைக்குத் தைரியமா இருக்கும்” என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை வாயால் ஒரு வார்த்தை சொல்லி, மாமனார் பின்வாங்கினால் அப்புறம் மாமனார் என்ன மாமனார்? “அதுக்கென்ன மாப்ள” என்றேன். எனக்குத் தெரிந்த ஆறு பாலாறு. அதில் நான் முழங்கால் நனைய நின்றது கையால் எண்ணிவிடக்கூடிய தடவைகள்.

அந்தமானில் நாங்கள் போன தீவில் கடற்கரையிலிருந்தே நடந்து இறங்கிவிடலாம். கொஞ்ச தூரம் மணல், அப்புறம் பவளம். காலையில் தண்ணீர் ஏறியிருக்கும்போது போனால்தான் உண்டு, மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். மறுநாள் எங்களுக்குத் திரும்பும் கப்பல், அதற்கு மறுநாள் விமானம். விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு நாளாவது கடலில் மூழ்காமல் இருக்கவேண்டுமாம். ஆகவே தேவகிக்கு இருந்தது அந்த ஒரே ஒரு காலை.

தேவகிக்குப் பயிற்சியாளராக வந்த பெண் ரீனா. அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். எனக்கு வந்தவர் ஒரு பெரிய உருவம். இந்தி மட்டும் பேசுவார். அதையும் பேசமாட்டார்.

ஓலைக் கொட்டகைக்குள் எங்களை உட்காரவைத்து ரீனா பாடம் நடத்தினாள். “மூணே விஷயம் அங்கிள், ஆன்ட்டி. ஒண்ணு, மூச்சை எப்பவும் அடக்கக்கூடாது. வாயால இழுத்து வாயால விட்டுகிட்டே இருக்கணும். ரெண்டு, காது அடைச்சா மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதணும். மூணு, எதையும் தொடக்கூடாது. பவளத்தையும் தொடக்கூடாது, மாட்டியிருக்கிற சாமான் எதையும் தொடக்கூடாது.”

தேவகி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நான் முதல் இரண்டைக் கேட்டேன். மூன்றாவது சொல்லும்போது என் கண் மேஜை மேல் கிடந்த ஒரு பெல்ட்டின் மேல் போய்விட்டது.

கறுப்பு நைலான் பட்டை. அதில் ஈயக் கட்டிகள் கோர்த்திருந்தார்கள். ஓட்டை கிடையாது. லூப் கிடையாது. பக்கிள் ஒரு சாதாரண மடக்குத் தகடு. எல்லாவற்றுக்கும் மேலே, நுனி ஒரு சாண் நீளத்துக்குச் சும்மா தொங்கியது.

“இன்னாம்மா இது, லூப்பே இல்லாம ஒரு பெல்ட்டு?”

“அது வெயிட் பெல்ட் அங்கிள். நீங்க போட்டிருக்கிற ரப்பர் சட்டை மிதக்கும். இந்த ஈயம் இருந்தாதான் கீழ இறங்க முடியும்.”

“அது சரி. நுனிய இவ்ளோ நீளம் வுட்டிருக்கீங்களே. மடிச்சி உள்ள சொருக வேணாமா?”

“சொருகவே கூடாது அங்கிள். ஏதாவது ஆபத்துன்னா தகட்டைத் தூக்கி ஒரே இழுப்புல கழட்டிப் போட்டுடணும். அப்ப தானா மேல வந்துடலாம். அதுக்காகத்தான் அப்படி இருக்கு.”

கழற்றுவதற்காகவே செய்த பெல்ட்! முப்பது வருடமாக நான் வணங்கி வந்த தெய்வத்தைப் பார்த்து ஒரு சின்னப் பெண் கல்லெறிந்த மாதிரி இருந்தது. காது கேட்டது, புத்தி ஏற்கவில்லை. என் இடுப்பில் அதைக் கட்டியவுடன் நுனியை மடித்து உள்ளே செருகினேன். ரீனா வெளியே இழுத்துவிட்டாள். தண்ணீரில் இறங்கும்போது மறுபடி செருகினேன். மறுபடி இழுத்தாள். மூன்றாம் தடவை “அங்கிள், கை!” என்று அதட்டினாள்.

“அது அவரு புத்தி இல்லம்மா, கை புத்தி” என்றாள் தேவகி. “எங்க கல்யாணத்துல மணவறைல உக்காந்துகினு எங்க அண்ணன் பெல்ட்டையே பாத்துகினு இருந்தாரு. தாலி கட்டும்போது கூட என்னப் பாக்கல.”

இடுப்பளவுத் தண்ணீரில் ஒத்திகை. இதில் நான் அசத்திவிட்டேன் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கழிவுக் கால்வாய்ப் பாலத்தைத் தினம் இரண்டு வேளை கடப்பவன் நான். மூக்கைப் பூட்டிவிட்டு வாயால் மூச்சு விடுவது எங்களுக்கு இரண்டாவது தாய்மொழி. ரீனா “சூப்பர் அங்கிள்” என்றாள். கரையில் நின்ற மாப்பிள்ளை கை தட்டினார். நான் அந்த நிமிஷமே ஒரு மீன் ஆகிவிட்டேன்.

தேவகிக்குத்தான் வரவில்லை. முகம் தண்ணீருக்குள் போனதும் பதறி எழுந்தாள். இரண்டாம் தடவை உப்புத் தண்ணீரைக் குடித்து இருமினாள். மூன்றாம் தடவை கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. நான் பெரிய மனசோடு சொன்னேன்: “வுடு தேவகி. பேஜாரு எதுக்கு? நீ கரையில உக்காரு. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இருவத்தெட்டு வருசமா எல்லாத்தையும் நீங்க பாத்துட்டு வந்துதான் சொல்றீங்க. செத்த சும்மா இருங்க.”

நான்காம் தடவை முகத்தை உள்ளே வைத்தவள் எடுக்கவேயில்லை. மேலே குமிழ்கள் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தன. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு நிதானம். ரீனா தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டி எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

கிளம்பினோம். என் முதுகிலிருந்த காற்று சிலிண்டரைப் பின்னாலிருந்து அந்தப் பெரிய உருவக்காரர் பிடித்துக்கொண்டார். தேவகியை ரீனா பிடித்துக்கொண்டாள். இரண்டு ஆள் ஆழம் இருக்கும், அவ்வளவுதான், ஒரு மணல் திட்டில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பத்தடி தள்ளிப் பவளம் ஆரம்பிக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கம் ஏதோ மஞ்சளும் ஊதாவுமாகக் கலங்கலாகத் தெரிந்தது. போவதற்கு முன்னால் ஒரு போட்டோ. கூடவே மூழ்கி வந்திருந்த கேமராக்காரர் எங்கள் இருவரையும் எதிரெதிரே மிதக்கவைத்து, கையைக் கோர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜாடை காட்டினார்.

தேவகி கையை நீட்டினாள். கண்ணாடி முகமூடிக்குள் அவள் கண் இரண்டும் பெரிதாக, பளபளவென்று இருந்தன என்று பிறகு அவர் முதலில் எடுத்த போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்போது நான் பார்க்கவில்லை. நான் எங்கே பார்த்தேன் என்பதை இதற்குள் நீங்களே யூகித்திருப்பீர்கள்.

பக்கிள் நடுவில் இல்லை. நான்கு விரற்கடை இடது பக்கம் நகர்ந்திருந்தது. அது மட்டும் என்றால் மன்னித்திருப்பேன். அந்த ஒரு சாண் நுனி தண்ணீரில் இப்படியும் அப்படியும் ஆடி என்னை வா, வா என்று கூப்பிட்டது. கேமரா வேறு முன்னால் இருக்கிறது. இந்தக் கோலத்தில் என் பெண்டாட்டியின் பெல்ட் போட்டோவில் விழுந்து, அதைப் பாஷா பாய் பார்த்தால்?

அவள் கையைக் கோர்க்கப் போன என் கை பாதி வழியில் திரும்பியது. இடது கட்டைவிரலால் பட்டையை அழுத்திப் பிடித்து, வலது கையால் தகட்டைத் தூக்கி, பக்கிளை நடுவுக்குக் கொண்டுவந்து, நுனியை மடித்து... ஆம்பூரில் இதற்கு எனக்கு மூன்று விநாடி ஆகும். கடலுக்குள் முதல் விநாடியிலேயே முடிந்துவிட்டது. தகட்டைத் தூக்கியதும் பெல்ட் அப்படியே அவள் இடுப்பை விட்டு வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்தது.

தேவகி மேலே போனாள்.

கொஞ்சம் கொஞ்சமாக இல்லை. குழந்தை கையை விட்டுப் போன பலூன் மாதிரி. ரீனா அவள் காலைக் கட்டிப் பிடித்துக் கூடவே போனாள். நான் அவளைப் பிடித்திருக்கலாம். ஆனால் என் கையில்தான் பெல்ட் இருந்ததே. கையில் இருக்கும் சரக்கைத் தரையில் போடுவது எங்கள் கம்பெனியில் பெரிய குற்றம். நான் அதை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவள் ஈயமும் என் ஈயமும் சேர்ந்து, அவள் மேலே போன அதே வேகத்தில் என்னைக் கீழே இறக்கி மணலில் உட்காரவைத்தது. பக்கத்தில் அழுகின வெள்ளரிக்காய் மாதிரி ஒரு பிராணி படுத்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். வெளிச்சத்துக்கு நடுவே என் மனைவியின் இரண்டு துடுப்புக் கால்களும் சின்னதாகிக்கொண்டே போயின. பவளக் கடலில் நான் பார்த்தவற்றின் முழுப் பட்டியல் இவ்வளவுதான்.

அந்தப் பெரிய உருவக்காரர் என் முன்னால் வந்து பெல்ட்டை விடு என்று ஜாடை காட்டினார். நான் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

மேலே நடந்ததைப் பிறகு மூன்று சாட்சிகள் சொல்லக் கேட்டேன். தேவகி இடுப்பு வரைக்கும் தண்ணீருக்கு வெளியே எழும்பி விழுந்தாளாம். நித்யா அலற, மாப்பிள்ளை பேன்ட் சட்டையோடு கடலுக்குள் ஓடியிருக்கிறார். தேவகி வாயிலிருந்த மூச்சுக் குழாயைத் துப்பிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி:

“அந்த ஆளு எங்க?”

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டதாம். இந்த நிலைமையிலும் புருஷனைத்தான் நினைக்கிறாரே என்று. “மாமா பத்திரமா இருக்கார் அத்தை, கவலைப்படாதீங்க.”

“பத்திரமாவே இருக்கட்டும். அப்படியே மேல கொண்டாங்க. நான் பாத்துக்கறேன்.”

கொண்டு வந்தார்கள். ரீனாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் கத்தவும் இல்லை. தாழ்ந்த குரலில் சொன்னாள். “அங்கிள், மேல வரும்போது பயத்துல மூச்சை அடக்கியிருந்தாங்கன்னா நுரையீரலே போயிருக்கும். ரெண்டு ஆள் ஆழம்தானேன்னு நினைக்காதீங்க. ஆன்ட்டி தப்பிச்சதுக்கு ஒரே காரணம், அவங்க வாய்க்குள்ள மூச்சுக் குழாயை வச்சுகிட்டே வழி பூரா உங்களைத் திட்டிகிட்டே வந்தாங்க. மூச்சு முழுக்க வெளிய போயிடுச்சு.”

என்னைத் திட்டியதால் ஓர் உயிர் பிழைத்தது. (அன்றிலிருந்து தேவகி என்னைத் திட்ட ஆரம்பித்தால் யாரும் குறுக்கே போவதில்லை. மருத்துவ காரணம் என்று விட்டுவிடுகிறார்கள்.)

கரையில் உட்காரவைத்து ரீனா அவளைச் சோதித்தாள். காது, மூச்சு, நெஞ்சு எல்லாம் சரியாக இருந்தது. கடல் மெல்ல வடிய ஆரம்பித்திருந்தது. “இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. ஆன்ட்டி, நீங்க நல்லாதான் இருக்கீங்க. ஓய்வு எடுத்துட்டு மறுபடி போகலாம். அங்கிள் கரையிலயே இருக்கட்டும்.”

தேவகி கடலைப் பார்த்தாள். “வேணாம்மா” என்றாள். “போதும். வீடியோலயே பாத்துக்கறேன்.”

அதுவரைக்கும் எனக்கு அவமானம் மட்டும்தான் இருந்தது. இதைக் கேட்டதும் வேறு என்னவோ ஆகிவிட்டது. இவள் என்னிடம் கேட்டது மொத்தத்தில் ஒரே ஒரு கேள்வி. ஒரு மீன் தொட்டி முன்னால் நின்று கேட்டது. அதற்குப் பதில் பத்தடி தூரத்தில் இருந்தது. நடுவில் நான் ஒரு பக்கிளைச் சரிசெய்தேன்.

தேவகி மணலில் கிடந்த அந்தப் பெல்ட்டைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

“பாத்து சொல்லு.”

(இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னை ‘நீ’ என்று கூப்பிட்டது மொத்தம் இரண்டு தடவை. மாப்பிள்ளையின் ரெக்சின் அன்றைக்கு ஒன்று. இது இன்னொன்று.)

“இன்னா பாக்கணும்?”

“அதுதான உன் வேல? இது தானா கழண்டுக்குமா கழண்டுக்காதா, பாத்து சொல்லு.”

உட்கார்ந்தேன். ரீனா தடுக்கவில்லை. பெல்ட்டை மடியில் போட்டு வழக்கம்போலப் பார்த்தேன். பட்டையைக் கட்டைவிரலால் நுனியிலிருந்து நுனி வரைக்கும் நீவினேன். இழை எங்கேயும் பிரியவில்லை. தகட்டை மூடி இரண்டு பக்கமும் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். கால் முட்டியில் மாட்டி இழுத்தேன். குலுக்கினேன். முறுக்கினேன். அரை அங்குலம்கூட நகரவில்லை. லூப் இல்லை, ஓட்டை இல்லை, பார்க்க லட்சணம் இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் இவ்வளவு யோக்கியமான பெல்ட்டை நான் பார்த்ததில்லை. பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்கிறது, விடவேண்டிய நேரத்தில் விடுகிறது.

“பெல்ட்டு பாஸ்” என்றேன். “தானா கழலவே கழலாது தேவகி. நான் பக்கத்துல இல்லன்னா கழலாது.”

“அப்ப நீங்க இங்கியே இருங்க” என்று எழுந்தாள்.

கரையில் நான், நித்யா, மாப்பிள்ளை மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் மடியில் தேவகியின் துண்டு. கொஞ்ச நேரம் கழித்து நான் தற்செயலாகத் திரும்பினேன். மாப்பிள்ளை சடாரென்று தன் பெல்ட் பக்கிளைக் கையால் மூடிக்கொண்டார்.

“அப்பா,” என்றாள் நித்யா, கடலைப் பார்த்தபடியே, “கைய தொடைக்கு அடியில வச்சிகினு உக்காருங்க.”

வைத்துக்கொண்டேன்.

தூரத்தில் குமிழ்கள் தெரிந்தன. சீராக. போய்க்கொண்டே இருந்தன, ஒரு வளைவு வளைந்தன, நின்றன, மறுபடி போயின. நான் குமிழ்களை எண்ணினேன். செக்கிங்காரன் வேறு என்ன செய்வான்? தண்ணீர் நன்றாக வடிந்து பாறைகளின் தலை வெளியே தெரிகிற நேரத்தில்தான் அவளை ரீனா திருப்பிக் கூட்டி வந்தாள். முழங்கால் தண்ணீரில் எழுந்து நின்று, முகமூடியைக் கழற்றி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து வந்தாள். துண்டை நீட்டினேன்.

“இன்னா பாத்த தேவகி?”

முகத்தைத் துடைத்தாள். காதைத் துடைத்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“கலர் அடிக்கலங்க” என்றாள். “எல்லாம் பொறந்த கலரு.”

அவ்வளவுதான் சொன்னாள். மீதியைத் தவணையில்தான் தருகிறாள். ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து, அவள் சொல்லாமலே நான் ரேஷன் கடைக்குப் போய் வந்த அன்றைக்கு, ஒரு பெரிய ஆமையைப் பார்த்ததாகச் சொன்னாள். ஆமை என்ன செய்தது என்று கேட்டேன். “அது பொங்கலுக்கு” என்றாள். இன்னும் ஒன்று இருக்கிறதாம், எல்லாவற்றையும்விடப் பெரிதாம், ரீனாவுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியுமாம். கடைசிக் காலத்தில் சொல்கிறேன் என்கிறாள். யாருடைய கடைசிக் காலம் என்று சொல்லவில்லை.

கேமராக்காரர் கடைசியாக எடுத்த போட்டோ நன்றாக விழுந்துவிட்டது. நீலத் தண்ணீர். நடுவில் நான், கையில் அவிழ்ந்த பெல்ட்டோடு, கடமை தவறாத முகத்தோடு. மேல் விளிம்பில் ஒரு ஜோடி துடுப்புக் கால்கள். மாப்பிள்ளை அதை ஃபிரேம் போட்டுப் பரிசளித்தார். (மாப்பிள்ளை கொடுத்ததை மாட்டாமல் இருக்க முடியுமா? ஹாலில் மாட்டினேன்.) பாஷா பாய் வீட்டுக்கு வந்து அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். “சேகரு, முப்பது வருசத்துல உன் கையிலிருந்து எக்ஸ்போர்ட் ஆன ஒரே பீஸ் நம்ம தேவகி பாபிதான்” என்றார். பிறகு என் சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து, ஒரு சிவப்பு அம்பைக் கிழித்து, கண்ணாடி மேல் ஒட்டினார். என் கையைச் சரியாகச் சுட்டிக்காட்டிக்கொண்டு அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

பேரன் பிறந்தான். பதினாறாம் நாள் அவனுக்கு அரைஞாண் கட்டினோம். வெள்ளி அரைஞாண் எங்கள் வீட்டுச் சீர். நான்தான் கடைக்குப் போய், ஒவ்வொரு கண்ணியையும் தடவிப் பார்த்து, நான்கைத் திருப்பிக் கொடுத்து, ஐந்தாவதை வாங்கி வந்திருந்தேன். சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். சம்பந்தி அம்மா மரியாதைக்கு, “தாத்தா வந்து கட்டட்டும். அவருதான் இதுல கைதேர்ந்தவராச்சே” என்று கூப்பிட்டார். நான் முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

“அந்த மனுஷன அங்கியே நிக்கச் சொல்லுங்க!” என்றாள் தேவகி.

சம்பந்தி அம்மாவுக்கு விவரம் புரியவில்லை. தேவகி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மணல் திட்டிலிருந்து ஆரம்பித்து, கையும் காலும் ஆட்டி முழுக் கதையையும் சொன்னாள். ஹாலில் மாட்டியிருந்த போட்டோ சாட்சிக்கு வந்தது. அறுபது பேர் சிரித்தார்கள். பேரன்கூட ஏதோ சத்தம் போட்டான். சிரிப்பு அடங்கியதும் தேவகியே அரைஞாணைச் சுற்றி, கொக்கியை மாட்டி, குழந்தை வளர வளரத் தளர்த்துவதற்காக மிச்சம் விட்டிருந்த இரண்டு விரற்கடைச் சங்கிலியை அப்படியே தொங்கவிட்டாள்.

அந்த நுனி, பிள்ளை காலை உதைக்க உதைக்க, இப்படியும் அப்படியும் ஆடியது.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.